பசியாறியாச்சா, தம்பி?

நான் சிங்கப்பூரில் வந்து இறங்கியது 2022 ஆகஸ்ட் முதல் வாரம். திருச்சியிலிருந்து நாலு மணி நேரப் பயணம். சாங்கி விமான நிலையத்திலிருந்து கம்பெனி வேனில் போகும்போது வழியெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு மாடியின் தாழ்வாரத்திலும் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடிகள் தொங்கின. ஆகஸ்ட் 9 இந்த நாட்டின் தேசிய தினம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தேருக்கு முதல்நாள் எங்கள் ஊர்க் கடைத்தெரு இருப்பது போல இருந்தது. யாருக்கோ விசேஷம், நமக்கு இல்லை என்று தோன்றியது.

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி தள்ளி எங்கள் ஊர். மின்னியலில் டிப்ளமா முடித்துவிட்டு, இரண்டு வருடம் சென்னையில் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இங்கே எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி கிடைத்தது. ஊர்ப் பக்கத்து ஏஜென்டுக்குக் கொடுத்தது மூன்றரை லட்சம், அதில் இரண்டரை லட்சம் வட்டிக்கு வாங்கியது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் ஓர் ஊழியரிடம் வாங்கும் கட்டணம், ஒப்பந்தத்தில் உள்ள வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன். கிளம்பத் தயாராக இருக்கும் தம்பிகள் தங்கச்சிகள் யாராவது இதைப் படித்தால், பணத்தை எடுத்து வைக்கும் முன் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். என் கடன் அடைய 14 மாதம் ஆனது. அந்த 14 மாதமும் ஒரு கோப்பி வாங்கக்கூட மனக்கணக்குப் போட்டேன்.

வேலையில் முதல்நாள் என்னை ஒரு சீனியரோடு அனுப்பினார்கள். மலேசியத் தமிழர், ஜொகூர் பாருவில் வீடு. தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி உட்லண்ட்ஸ் வழியாக வருவார். இருபது வருடமாக அப்படித்தான். அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

“தம்பி, பசியாறியாச்சா?”

எனக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. எங்கள் பக்கம் “சாப்டாச்சா?” என்போம். பசியாறுவது என்றால் யாரோ பட்டினியாய் வந்தவருக்குச் சோறு போடுவது. கோயில் அன்னதானத்தில் கேட்கும் சொல். என்னைப் பார்த்தால் பட்டினி கிடப்பவன் மாதிரி தெரிகிறதோ என்று நினைத்து, “பசி இல்லண்ணே” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தனியாகப் போய்ச் சாப்பிட்டு வந்தார். மறுநாளும் கேட்டார், நானும் அதையே சொன்னேன். இப்படியே ஒரு வாரம் ஓடியது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் லிஃப்டின் மோட்டார் ரூம் சூட்டில் நின்று கண் இருட்டிக்கொண்டு வந்த அன்றுதான் அவர் விளக்கினார். இங்கேயும் மலேசியாவிலும் காலைப் பலகாரம் சாப்பிடுவதற்கே பசியாறுவது என்றுதான் சொல்வார்கள்.

“நான் ஒங்கள வாங்க சாப்பிடலாம்னு கூப்புட்டேன் தம்பி. நீங்க வேணாம்னீங்க. வற்புறுத்தக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”

அன்று அவர் கோப்பிக்கடையில் உட்காரவைத்து எனக்குக் கோப்பி வாங்கவும் கற்றுக்கொடுத்தார். வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டிப் பால் ஊற்றி இனிப்பாக வரும். ‘கோப்பி ஓ’ பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். ‘கோப்பி ஓ கொசோங்’ சர்க்கரையும் இல்லாதது. கொசோங் மலாய்ச் சொல், காலி என்று பொருள். ‘சி’ போட்டால் இனிப்பில்லாத டின் பால். கடைசியில் ‘பெங்’ சேர்த்தால் ஐஸ். சீன அங்கிளிடம் ஒரே மூச்சில் “கோப்பி சி பெங்” என்று சொல்லி, அது அப்படியே வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புரிந்திருக்காது.

சென்னையில் நான் பார்த்தது லிஃப்ட் வேலை, இங்கே அது மின்தூக்கி வேலை. புளோக் என்று இங்கே சொல்லும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நகர மன்றம் ஒட்டும் அறிவிப்புகள் நாலு மொழியில் இருக்கும். அவற்றில் ஒன்றில்தான் அந்தச் சொல்லை முதலில் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். நான் செய்கிற வேலைக்கு என் மொழியில் பெயர் இருக்கிறது, அதை ஒரு அரசாங்கத் தாளில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே குடியிருப்பவர்களில் இந்தியர்களே 9 சதவீதம்தான், தமிழ் பேசுபவர்கள் அதிலும் ஒரு பகுதி. ஆனாலும் அதிகாரத்துவ மொழிகள் நான்கில் தமிழ் ஒன்று. எம்ஆர்டி பெருவிரைவு ரயில், அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் எச்டிபி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), டாலர் வெள்ளி, சென்ட் காசு. அமைச்சகம் என்று நாம் சொல்வது இங்கே அமைச்சு. 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழ் இன்னும் வருகிறது. அதில் இந்தச் சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

சொல் பிடிபட்டாலும் ஊர் பிடிபடவில்லை. முதல் நாலு மாதம் என் கைப்பேசியில் இரண்டு கடிகாரம் ஓடியது, சிங்கப்பூர் ஒன்று, இந்தியா ஒன்று. இரண்டரை மணி நேரம் வித்தியாசம். நான் பார்த்தது எப்போதும் இரண்டாவதைத்தான். இங்கே மணி ஒன்பது என்றால், அம்மா இப்போதுதான் வாசல் தெளித்திருப்பார். இங்கே இரவு ஒன்பது என்றால், வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. கண் எதிரில் இருபது மாடிக் கட்டடம் நிற்கும், மனசு கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டு வேறு வாசலில் நிற்கும்.

தங்கியிருந்தது ஈசூனில் ஒரு நாலறை வீட்டில். ஓர் அறையில் மூன்று பேர். மாத வாடகை, அதோடு ‘லைட் குக்கிங்’ மட்டும் என்று ஒரு நிபந்தனை. அறை தேடுகிறவர்கள் இந்தச் சொல்லை அடிக்கடி பார்ப்பீர்கள். சோறு வடிக்கலாம், முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் கிண்டலாம், ஆனால் எண்ணெய் காயக் கூடாது. வீட்டுக்கார ஆன்டி கெட்டவர் இல்லை. புகையும் மசாலா வாசனையும் திரைச்சீலையில் ஏறிவிடும் என்பார், அது உண்மையும்கூட. ஆனால் எண்ணெய் காயக் கூடாது என்றால் தாளிக்க முடியாது. ரைஸ் குக்கரில் புளித்தண்ணீரும் ரசப்பொடியும் போட்டுக் கொதிக்கவைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். உப்பு, புளி, காரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ரசமாக மட்டும் இருக்காது.

(அறை விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீவக வீட்டில் அறை எடுத்தால், உங்களைக் குடிவைக்க உரிமையாளர் கழகத்திடம் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவும் கூடாது. ‘ஒரு மாசம் இருந்து பாருங்க, பேர் எல்லாம் பதிய வேணாம்’ என்று யாராவது சொன்னால் அந்த அறை வேண்டாம்.)

டிசம்பரில் ஒரு காலை, ஒன்பதரை மணி இருக்கும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழைய புளோக் ஒன்றில் ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு. நாங்கள் பக்கத்து புளோக்கிலேயே மாதாந்தரப் பராமரிப்பில் இருந்ததால் ஓடினோம். கார் (லிஃப்டின் கூண்டை அப்படித்தான் சொல்வோம்) ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒருவர்தான். அண்ணன் மோட்டார் ரூமுக்குப் போனார், நான் ஏழாம் மாடிக் கதவருகே நின்றேன். மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் என் வேலை. ஆள் மாட்டிய கேஸில் நான் தனியாக முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை. எனக்கு இங்கிலீஷ் தடுமாறும், பதற்றத்தில் இன்னும் தடுமாறும். கதவில் தட்டி, பயப்பட வேண்டாம் என்று ஏதோ சொன்னேன்.

உள்ளிருந்து ஒரு பாட்டியின் குரல், நிதானமாக:

“தம்பி தமிழா? தமிழ்லயே பேசுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. மீன் வாங்கிட்டு வந்தேன், அதுதான் கெட்டுப்போகும்.”

எனக்கு மூச்சு திரும்ப வந்தது. அவர்தான் என்னைப் பேசவைத்தார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவராம். நாகப்பட்டினம் எங்களுக்குக் கூப்பிடு தூரம் மாதிரி, அந்தக் கப்பல் பெயரை என் தாத்தா வாயால் கேட்டிருக்கிறேன். இந்தப் புளோக்கிலேயே நாற்பது வருடத்துக்கு மேல் இருப்பதாகச் சொன்னார். முன்பெல்லாம் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காதாம். அஞ்சாம் மாடியில் இறங்கி, மார்க்கெட் பையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மாடி படியேறுவாராம். 2001-ல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில்தான் பழைய புளோக்குகளில் மாடிக்கு மாடி நிற்கும்படி மாற்றினார்கள். “முட்டி தேஞ்ச பெறகு குடுத்தாங்க, ஆனா குடுத்தாங்க” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் இறங்கியது.

“தம்பி, இது கீழ விழுந்திடாதுல்ல?”

அதற்கு எனக்குப் பதில் தெரியும். இது என் வேலை. “விழாது பாட்டி. நாலஞ்சு இரும்பு வடத்துல தொங்குது. ஒரு வடமே தாங்கும். அதுக்கு மேலயும் வேகம் தப்பினா தண்டவாளத்தக் கவ்விப் பிடிக்கிற பூட்டு ஒண்ணு அடியில இருக்கு. மறுபக்கம் ஒரு எதிர்எடை தொங்குது, நீங்க ஒருத்தர் மட்டும் இருக்கறப்ப அதுதான் கனம். அண்ணன் இப்ப பிரேக்க மெல்ல விடுவாரு. விட்டா நீங்க கீழ போக மாட்டீங்க, மேல வருவீங்க.”

“மேலயா?”

“ஆமா பாட்டி. ஒங்க வீட்டு மாடிக்குத்தான்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: “பசியாறியாச்சா தம்பி?”

இருட்டுக்குள் நிற்கிறவர், கதவுக்கு வெளியே நிற்கிறவனைப் பார்த்துக் கேட்கிறார். இந்த முறை “பசி இல்ல” என்று சொல்லவில்லை. “இன்னும் இல்ல பாட்டி” என்றேன்.

ஐந்து நிமிடத்தில் கார் அங்குலம் அங்குலமாக மேலே வந்து ஏழாம் மாடித் தரையோடு சேர்ந்தது. சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். சக்கரம் வைத்த பையைப் பிடித்துக்கொண்டு, சேலை கசங்காமல் நின்றுகொண்டிருந்தார். காரணம் பின்னால்தான் தெரிந்தது. ஆறாம் மாடி வெளிக்கதவில் யாரோ சைக்கிளை இடித்திருக்கிறார்கள். கதவுப் பூட்டின் உருளை இம்மி நகர்ந்துவிட்டது. கார் கடக்கும்போது அதில் உரசி, தொடர்பு அறுந்து நின்றிருக்கிறது. என் அனுபவத்தில் லிஃப்ட் கோளாறுகளில் பெரும்பாலானவை கதவில்தான். இறைச்சி குத்திச் சுடும் ஒரு சத்தே குச்சி, ஒரு பத்துக் காசு, கதவு ஓடும் பள்ளத்தில் விழுந்தால் போதும்.

சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. பாட்டி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் தயங்கினேன். அண்ணன், “பத்து நிமிஷம் போயி உக்காந்துட்டு வருவோம் தம்பி, பெரியவங்க கூப்பிடறாங்க” என்றார்.

தோசையும் நெத்திலி சம்பலும் கொடுத்தார். சம்பலை எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுக்களையில் எண்ணெய் காயும் வாசனை. அடுத்து கடுகு வெடித்தது. சட்டென்று நாலைந்து, அப்புறம் படபடவென்று மொத்தமும். கறிவேப்பிலை போட்டதும் ‘சொய்ங்’ என்று ஒரு சீறல். நாலு மாதத்தில் நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாசனை போனது தெரியும், ருசி போனது தெரியும். சத்தம் போனதைக் கவனிக்கவில்லை. குனிந்து சாப்பிட்டேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தார், அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆறு என்ற வினைச்சொல்லை எங்கள் பக்கம் புண்ணுக்கும் சூட்டுக்கும் மனசுக்கும் சொல்வோம். புண் ஆறும், பால் ஆறும், மனசு ஆறும். பசியும் ஆறுகிறது என்று இங்கே உள்ளவர்கள் தினமும் காலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த சொல்லாக இருக்க வேண்டும். நம்மிடம் அது அன்னதானப் பந்தியோடு நின்றுவிட்டது, இவர்கள் புழக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

அதன்பிறகு ஊரை நடந்து பார்க்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூட்டத்தோடு நின்று பணம் அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடுவதுதான் முன்பு பழக்கம். இப்போது தேக்கா நிலையத்தில் ஆட்டுக்கறி விலை கேட்டுவிட்டு, பஃபலோ ரோட்டில் பூக்கட்டுகிறவர்களைத் தாண்டி மெதுவாக நடப்பேன். இந்த வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் நடந்திருக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரிக்கு இருக்கும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயருக்கு மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். தொழுவத்தில் சாணி அள்ளி வளர்ந்தவனுக்கு அது ஒன்றே போதும், அந்தத் தெருவோடு உறவு கொண்டாட. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று அழைத்திருக்கிறார்கள். இங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. கம்பம், கம்போங் என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, கிராமம் என்று பொருள். யாரோ நம்மைப் போல வேலைக்கு வந்தவர்கள், வேலை பார்த்த இடத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வைத்து, வேலை முடிந்து கும்பிட அம்மனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்பதில்லை. ஏசி இருக்கிறது, தமிழ்ப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. விடுமுறை நாளில் அறையில் கட்டிலிலேயே கிடக்கும் தம்பிகளை அங்கே போகச் சொல்கிறேன்.

இந்த ஊரில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாக ஆறு இலக்க அஞ்சல் எண் உண்டு. எங்கள் ஊரில் ஒரு எண்ணுக்குள் பத்துக் கிராமம் அடங்கும். இப்போது தோ பாயோ, அங் மோ கியோ, ஈசூன் மூன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட புளோக்குகளின் உச்சி மோட்டார் ரூம் எனக்குத் தெரியும். எந்த உச்சியிலிருந்து ஜொகூர் தெரியும், எங்கே நின்றால் கடல் தெரியும், எந்த புளோக்கில் நாலு மணி மழைக்குக் கதவடியில் தண்ணீர் வரும் என்று சொல்வேன். போன வருடம் வேறு அறைக்கு மாறினேன். வாடகை கொஞ்சம் கூட. ஆனால் தாளிக்கலாம்.

பாட்டி இப்போதும் அதே புளோக்கில்தான் இருக்கிறார். அந்தப் பக்கம் பராமரிப்புக்குப் போகும் மாதங்களில் கதவைத் தட்டுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கீழே கோப்பிக்கடையில் புரோட்டாவும் ஒரு கோப்பியும் சாப்பிட்டேன். வயிறு நிறைந்ததும் அம்மா ஞாபகம் வந்தது. உடனே போன் போட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தார். குரலில் தூக்கம் இருந்தது.

“பசியாறியாச்சாம்மா?” என்றேன்.

“என்னாது?”

“இல்லம்மா... காலையில டிபன் சாப்டாச்சான்னு கேட்டேன்.”

“டிபனா? என்ன தம்பி, இங்க மணி ஆறுதான் ஆவுது. இன்னும் பால்காரரே வரல.”

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து மணி பார்த்தேன். எட்டரை. அந்த இரண்டரை மணி நேரத்தைக் கழிக்க மறந்திருந்தேன். இரண்டாவது கடிகாரத்தை எப்போது எடுத்தேன் என்பதும் ஞாபகம் இல்லை.

“ஏதாச்சும் விசேஷமாப்பா?” என்றார் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா, தூங்குங்க” என்றேன். அவர் வைக்கவில்லை. என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன்.